11, 12 உளவியல்: லேப் கிடையாது, டெஸ்ட் கிடையாது, ஒரே டீச்சர் – பிராக்டிகலை எப்படி நடத்துவது?

செங்காந்தள் எழுதியது:

சி.பி.எஸ்.இ. பள்ளி. இந்த வருடம்தான் உளவியல் பாடத்தைத் (பாடக்குறியீடு 037) தொடங்கியிருக்கிறார்கள், அதற்கு நான் ஒருத்திதான் ஆசிரியை. 11இல் 28 பேர். 12இல் வேறு பள்ளிகளிலிருந்து மாறி வந்த 19 பேர். லேப் என்று சொல்லிக்கொள்ள ஒரு பீரோவும் இரண்டு ஸ்டாப்வாட்ச்சும் இருக்கின்றன. மூன்று கேள்விகள்:

1. 11ஆம் வகுப்புக்கு ஒரு புராஜெக்ட், இரண்டு சோதனைகள். சார்ட் அட்டையையும் ஸ்டாப்வாட்ச்சையும் வைத்து உருப்படியாக எந்தச் சோதனைகளைச் செய்யலாம்?

2. 12க்கு ஐந்து உளவியல் டெஸ்ட்டும் ஒரு கேஸ் புரொஃபைலும் (ஒரு தனிநபரைப் பற்றிய விவர அறிக்கை) வேண்டும். ஜெராக்ஸ் கடையில் டெஸ்ட் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

3. மனநலக் கோளாறுகள் பாடத்தைத் தொட்டதும் பிள்ளைகள் தனியாக வந்து "மிஸ், எனக்கும் இது இருக்குமா?" என்று கேட்பார்கள் என்கிறார்கள். எவ்வளவு தூரம் பேசலாம்?

---

அடிக்கோல் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நினைவாற்றல் ஒன்று, புலனுணர்வு ஒன்று எடுங்கள். இரண்டும் 11ஆம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கின்றன. செலவு இருநூறு ரூபாயைத் தாண்டாது.

சோதனை 1: வரிசை இட விளைவு. ஒரு பட்டியலில் முதலில் வந்த சொற்களும் கடைசியில் வந்தவையும் அதிகம் நினைவில் நிற்கும், நடுவில் உள்ளவை போய்விடும். கடைசிச் சொற்கள் இன்னும் குறுகிய கால நினைவில் இருப்பதால்தான் வருகின்றன என்பது விளக்கம். 1966இல் கிளான்சரும் குனிட்ஸும் செய்ததுபோல் 30 விநாடி இடைவெளி வைத்துவிட்டால் கடைசிச் சொற்களின் சாதகம் மறைந்துவிடும், முதல் சொற்களின் சாதகம் அப்படியே நிற்கும். ஆகவே சாரா மாறி, அதாவது நாம் மாற்றுவது, இடைவெளி (0 அல்லது 30 விநாடி); சார்ந்த மாறி, அதாவது நாம் அளப்பது, நினைவுகூர்ந்த சொற்களின் எண்ணிக்கை. 'காரணமும் விளைவும்' என்று பாடத்திட்டம் கேட்பதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

தலா 15 சொற்களுடன் இரண்டு பட்டியல்கள் தயாரியுங்கள். எல்லாம் அன்றாடப் பெயர்ச்சொற்கள், நீளம் ஏறத்தாழ ஒன்று. எதுகை மோனை இருக்கக் கூடாது; 'இட்லி'யும் 'சட்னி'யும் ஒரே பட்டியலில் வரக் கூடாது. முதல் இடத்தில் 'பாம்பு' மாதிரிச் சொல்லை வைத்தால் அது நினைவில் நிற்பது இடத்தாலா பயத்தாலா என்று சொல்ல முடியாது. வாயால் வாசித்தால் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் நம்மை அறியாமல் அழுத்தி விடுவோம். ஸ்லைடில் போட்டு 2 விநாடிக்கு ஒன்றாகத் தானாக நகர விடுங்கள். எழுத 90 விநாடி போதும்.

28 பேரில் 14 பேருக்கு அ பட்டியல் உடனடியாக, ஆ பட்டியல் இடைவெளியுடன். மற்ற 14 பேருக்கு இதைத் தலைகீழாக. இல்லையென்றால் பட்டியலின் எளிமை முடிவில் கலந்துவிடும். இடைவெளியில் 387இலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதும் சத்தமாக எண்ணினால் சந்தைக்கடை ஆகிவிடும் என்பதால் தாளில் எழுதட்டும். இந்தப் பணி இல்லாமல் 30 விநாடி சும்மா உட்கார வைத்தால் பிள்ளைகள் மனதுக்குள் சொற்களை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், விளைவே தெரியாது. அதிகம் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, 'வரிசையாக எழுதுங்கள்' என்று சொல்லக் கூடாது. எந்த வரிசையிலும் எழுதலாம். வரிசைப்படி எழுதச் சொன்னால், முதலிலிருந்து எழுதிக்கொண்டு வருவதற்குள் கடைசிச் சொற்கள் மறந்துபோகும்.

ஒரே ஒரு மாணவரின் தரவில் வளைவு வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். எனவே ஃபைலில் தனி நபர் முடிவும் வகுப்பு மொத்த முடிவும் இரண்டும் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணி 28ஆல் வகுத்துச் சதவீதமாக்குங்கள். அப்போதும் வரைபடம் ரம்பப் பல் மாதிரி வந்தால் 1–3, 4–6 என்று மூன்று மூன்றாகச் சேர்த்து ஐந்து புள்ளிகளாகப் போடலாம்.

சோதனை 2: முல்லர்-லையர் மாயை, சராசரிப் பிழை முறையில். முனைகளில் உள்ள சிறகுகளால் சம நீளக் கோடுகள் சமமில்லாமல் தெரிவதுதான் இந்த மாயை. பங்கேற்பவர் ஒரு கோட்டை நீட்டிச் சுருக்கி மற்றதற்குச் சமமாக்குவார், அவர் விடும் பிழையின் சராசரியை நாம் எடுப்போம். கருவியைக் கையாலேயே செய்துவிடலாம். கெட்டியான சார்ட் அட்டையில் 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரத்தில் ஓர் உறை. அதற்குள் நகரும்படி 24 செ.மீ. நீளப் பட்டை ஒன்று.

உறையின் முகப்பில், இடப்பக்கம் 1 செ.மீ. விட்டு, வலது விளிம்பு வரை சரியாக 10 செ.மீ. கோடு. இதுதான் நிலையான கோடு. அதன் இரு முனைகளிலும் உள்நோக்கி மடங்கும் அம்புத்தலைகள், ஒவ்வொரு சிறகும் 2 செ.மீ., கோட்டுக்கு 45 பாகை. வலது அம்பின் கூர்முனை உறையின் விளிம்பைத் தொட வேண்டும். பட்டையில், வெளியே வரும் முனைக்கு அருகே, வெளிநோக்கி விரியும் சிறகுகளை வரைந்து, அவை கூடும் முனையிலிருந்து உறையின் பக்கமாக 16 செ.மீ. கோடு இழுங்கள். பட்டையை இழுத்தால் இந்தக் கோடு நீளும், தள்ளினால் குறையும். பட்டையின் பின்புறம் மி.மீ. அளவுகோல். அதன் பூச்சியம் சிறகுகள் கூடும் முனைக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். உறையின் விளிம்பு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே கோட்டின் நீளம். கோட்டின் தடிமனும் மையும் இரண்டு பகுதியிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

மொத்தம் 20 முயற்சிகள்: நிலையான கோடு இடப்புறம் இருக்கும்போது 10, கருவியைத் திருப்பி வலப்புறம் வைத்து 10. ஒவ்வொரு பத்திலும் ஐந்து முறை மிகக் குட்டையாக (5–6 செ.மீ.) வைத்துத் தொடங்கி நீட்டுவது, ஐந்து முறை மிக நீளமாக (14–15 செ.மீ.) வைத்துத் தொடங்கிச் சுருக்குவது. தொடங்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பங்கேற்பவரின் கண்ணுக்குப் பதிலாகக் கை கற்றுக்கொண்டுவிடும். பத்துக்குப் பிறகு இரண்டு நிமிட ஓய்வு. எந்த முயற்சியிலும் 'சரி', 'தப்பு' என்று சொல்லக் கூடாது. கருவி கண்ணிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். பின்புற எண்ணைச் சோதனையாளர் மட்டும் பார்க்க வேண்டும்.

கணக்கு: 20 அளவீடுகளின் சராசரியிலிருந்து 10ஐக் கழித்தால் மாறாப் பிழை. உதாரணமாகச் சராசரி 8.4 என்றால் பிழை −1.6 செ.மீ. இங்கே குறி முக்கியம். விரிந்த சிறகுள்ள கோடு நீளமாகத் தெரிவதால் பங்கேற்பவர் அதைக் குட்டையாக வைத்துவிட்டுச் 'சமம்' என்பார். ஆகவே எதிர்க்குறிதான் வர வேண்டும். நீட்டும்போது வந்த சராசரிக்கும் சுருக்கும்போது வந்த சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இயக்கப் பிழை, இட வல வித்தியாசத்தில் பாதி இடப் பிழை.

நேரம் இருந்தால் சிறகுக் கோணத்தை 30, 60 பாகை என்று இரண்டு கருவிகளாகச் செய்து ஒப்பிடலாம். கோணம் குறுகக் குறுக மாயை கூடும். கருதுகோளும் தெளிவாக அமையும், சாரா மாறி எது என்று வைவாவில் தடுமாறவும் மாட்டார்கள்.

---

நெறிமதிப்பு எழுதியது:

ஜெராக்ஸ் வேண்டாம் மேடம். காப்புரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கட்டுகளில் கையேடு இருக்காது. கையேடு இல்லையென்றால் நெறிமதிப்பு அட்டவணை (அந்த வயதினர் பொதுவாக எடுக்கும் மதிப்பெண்களின் பட்டியல்) இல்லை, அது இல்லாமல் மூல மதிப்பெண் வெறும் எண். பிள்ளைகள் மனம்போனபடி 'சராசரி' என்று எழுதிவிட்டுப் போவார்கள், தேர்வாளர் "எந்த அட்டவணைப்படி?" என்று கேட்டதும் விழிப்பார்கள்.

மதிப்பெண் கணக்கை வைத்தே திட்டமிடுங்கள். 12க்குப் பிராக்டிகல் 30: ஃபைலும் கேஸ் புரொஃபைலும் 10, வைவா 5, தேர்வன்று செய்யும் இரண்டு டெஸ்ட்டுக்கு 15. அந்தப் பதினைந்தில் நடத்துவதற்கு 5தான், அறிக்கைக்கு 10. நம்மில் பலர் நடத்திக் காட்டுவதிலேயே வருடத்தை ஓட்டிவிடுகிறோம்.

ஐந்தில் மூன்றையாவது பள்ளிச் செலவில் பதிப்பாளரிடமிருந்து முறையாக வாங்கச் சொல்லுங்கள்: நுண்ணறிவு ஒன்று, ஆளுமை அல்லது பதற்றம் ஒன்று, நாட்டத்திறன் (ஒரு துறைக்கான இயல்பான திறன்) அல்லது பொருத்தப்பாடு (சூழலோடு ஒத்துப்போவது) ஒன்று. வினாக் கையேடுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் 19 பேருக்கு 10 போதும், ஜோடிக்கு ஒன்று. விடைத்தாள்தான் தீரும். பயிற்சிக்கு 19, தேர்வுக்கு 19, வீணாவதற்கு இரண்டு, ஆக டெஸ்ட்டுக்கு 40. கையேட்டிலேயே குறித்துவிடும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. பென்சிலை விடைத்தாளோடு மட்டும் கொடுங்கள்.

மீதி இரண்டுக்குக் கட்டணமில்லாதவை இருக்கின்றன. ரோசன்பர்க் தன்மதிப்பு அளவுகோல் (1965), 10 கூற்றுகள். கோஹனும் குழுவினரும் 1983இல் வெளியிட்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலின் 10 கூற்று வடிவம். இதில் 4, 5, 7, 8 நேர்மறைக் கூற்றுகள், மதிப்பைத் திருப்பிப் போட வேண்டும் (0 என்றால் 4, 1 என்றால் 3). ஒருவர் எல்லாவற்றுக்கும் 3 என்று போட்டிருந்தால் திருப்பாமல் கூட்டினால் 30 வரும், சரியான விடை 22. இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும், யாரும் மறக்க மாட்டார்கள். நம் மாணவர்களுக்கான அட்டவணை கையில் இல்லாத அளவுகோல்களில் 'உயர்வு, தாழ்வு' என்று முத்திரை குத்தாமல், மதிப்பெண் எந்த வீச்சில் எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுத வையுங்கள்.

மனச்சோர்வு அளவுகோல்களைத் தொடவே வேண்டாம். பெக் அளவுகோலிலும் சரி, ஒன்பது கேள்வி கொண்ட பி.எச்.கியூ.விலும் சரி, ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அதற்கு 'ஆம்' என்று குறித்த தாளை இன்னொரு பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது.

ரேவன் படிநிலை அச்சுகள் (வடிவப் புதிர்களாலான நுண்ணறிவு டெஸ்ட்) வாங்கினால்: 60 கேள்விகள், A முதல் E வரை ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு 12. மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தக் கூடாது. அந்த மொத்தத்துக்கு ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை எதிர்பார்க்கப்படுகிறது என்று கையேட்டில் இருக்கும். எதாவது ஒரு தொகுதியில் வித்தியாசம் 2ஐத் தாண்டினால் அந்த மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாது. ஊகித்துக் குறித்திருக்கலாம், பக்கத்துத் தாளைப் பார்த்திருக்கலாம். இதைச் சரிபார்த்து எழுதுகிற மாணவரைத் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார். நேரக் கட்டுப்பாடு இல்லாத டெஸ்ட் என்பதால் முக்கால் மணிக்கு மேல் போகலாம். தேர்வன்று இதோடு இன்னொரு நீளமான டெஸ்ட் சேராமல் சீட்டுகளைப் போடுங்கள்.

பெரிய குழப்பம் சதவீதமும் சதமானமும். 60க்கு 42 எடுத்தால் '70 சதவீத அறிவு' என்று எழுதுகிறார்கள். 70ஆவது சதமானம் என்றால் அந்த வயதினர் நூறு பேரில் எழுபது பேர் அந்த மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். அது எத்தனை கேள்விக்குச் சரியான விடை என்பதைச் சொல்வதில்லை.

வகுப்புத் தோழருக்கே டெஸ்ட் நடத்துவதைத் தவிருங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் மதிப்பெண் ஊரெல்லாம் பரவிவிடும். 12ஆம் வகுப்பினர் 11ஆம் வகுப்பினருக்கு நடத்தட்டும். பெயருக்குப் பதில் குறியீட்டு எண், பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து. கேஸ் புரொஃபைலிலும் அப்படித்தான். பெயரை மாற்றிவிட்டு 'எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரின் இளைய மகன்' என்று எழுதினால் பெயர் மாற்றியதில் என்ன பயன்?

---

திண்ணை எழுதியது:

பள்ளிக் கவுன்சிலர்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது கேள்விக்கு.

அந்தப் பாடத்தின் முதல் வகுப்பில் நோய்ப் பெயர்களுக்கு முன்னால் கால அளவையும் செயல்பாட்டையும் சொல்லிக்கொடுங்கள். விலகல், வேதனை, செயல் பாதிப்பு, ஆபத்து என்ற நான்கும் புத்தகத்திலேயே இருக்கின்றன. பொதுவான பதற்றக் கோளாறுக்கு டி.எஸ்.எம்.-5 (மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு) கேட்பது ஆறு மாதம். பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் வயிற்றைக் கலக்குவது அதில் சேராது. பெரும் மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, குறைந்தது இரண்டு வாரம். அலமாரியை அடுக்கி வைப்பவர்களுக்கெல்லாம் ஓ.சி.டி. (விடாத எண்ணங்களும் கட்டாயச் செயல்களும் கொண்ட கோளாறு) கிடையாது, அவை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்க வேண்டும், அல்லது வாழ்க்கையையே முடக்க வேண்டும். இப்படிச் சொன்னால் 'எனக்கும் இருக்குமா' என்பதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அடங்காமல் வருகிறவர்களிடம் நோயின் பெயரை ஆமோதிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "எத்தனை நாளாக? தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கு வருவது எப்படி இருக்கிறது?" இந்த இரண்டு கேள்விகளோடு கவுன்சிலரிடம் கொண்டுபோய் விடுங்கள். 'போய்ப் பார்' என்று அனுப்பினால் பாதிப் பேர் போவதில்லை. கூடவே நடந்து போக வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்றால் பண்ணாதீர்கள். அவர்கள் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்ல வேண்டியது: "உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்கன்னா, அதை நான் சொல்லியாகணும். மத்ததெல்லாம் நமக்குள்ளதான்." பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தருவது தெரிந்தவர் ஒவ்வொருவரின் கடமை. முதல்வரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு அது முடிந்துவிடாது.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. 'இருக்கிறது' என்றால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் கவுன்சிலரையும் பெற்றோரையும் வரவழையுங்கள் (வீட்டில்தான் ஆபத்து என்றால் பெற்றோருக்கு முன் குழந்தைகள் உதவி எண் 1098). அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். இரண்டு எண்களையும் வகுப்புச் சுவரில் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள்.

பெயரில்லாக் கேள்விப்பெட்டி வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தினமும் திறந்து படிக்க முடியாவிட்டால் வைக்காதீர்கள். 'வாழப் பிடிக்கவில்லை' என்ற சீட்டு வெள்ளிக்கிழமை விழுந்து திங்கட்கிழமை கண்ணில் படலாம், யார் எழுதியது என்றும் தெரியாது. 'பதில் வேண்டுமென்றால் வகுப்பும் எண்ணும் போடு, தினமும் மாலை நான் படிப்பேன்' என்று பெட்டி மேலேயே எழுதுங்கள்.

---

செங்காந்தள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. முல்லர்-லையர் கருவியை 14 ஜோடிகளும் செய்துவிட்டார்கள். அதில் இரண்டு ஜோடிகளுக்கு மாறாப் பிழை +0.6, +0.5 என்று வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு −0.7இலிருந்து −1.9 வரை. இன்னொரு மாணவனுக்குப் பன்னிரண்டாவது முயற்சிக்கு மேல் பிழை கிட்டத்தட்ட பூச்சியம். அந்தத் தரவுகளை நீக்கிவிடலாமா?

---

அடிக்கோல் எழுதியது:

நீக்காதீர்கள் டீச்சர், முதலில் அந்த இரண்டு கருவிகளின் பின்புறத்தைப் பாருங்கள். பூச்சியத்தைச் சிறகுகள் கூடும் முனைக்குப் பின்னால் வைக்காமல் சிறகுகளின் நுனிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். 2 செ.மீ. சிறகு 45 பாகையில் என்றால் அந்த நுனி 1.4 செ.மீ. வெளியே தள்ளி இருக்கும். எல்லா அளவீடும் 1.4 கூடுதலாக வந்திருக்கும். கழித்துப் பாருங்கள்: −0.8, −0.9. மற்றவர்களோடு ஒத்துப்போகிறதா? பட்டையை ஓரிடத்தில் நிறுத்தி, முகப்பில் ஸ்கேல் வைத்து அளந்து, பின்புற எண்ணோடு ஒப்பிட்டால் உறுதியாகிவிடும். பிழையையும் திருத்தத்தையும் ஃபைலில் அப்படியே எழுத வையுங்கள், அழித்து எழுத வேண்டாம்.

பூச்சியத்துக்கு வந்தவன் விஷயத்தில் இரண்டு சாத்தியம். திரும்பத் திரும்பப் பார்த்தால் இந்த மாயை தானாகவே குறையும், அது தெரிந்த விஷயம். அல்லது விரலையோ பேனாவையோ வைத்து அளக்கத் தொடங்கியிருப்பான். முயற்சிக்குப் பிந்தைய தன்னறிக்கையில் என்ன எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். அறிக்கையில் அந்தப் பகுதி இருப்பதே இதற்குத்தான்.

---

கிளிப்பச்சை எழுதியது:

அடுத்த வருடத்துக்கு ஒரு மாற்று: ஸ்ட்ரூப் (1935) செய்த நிறப்பெயர்ச் சோதனை. நான்கு நிறங்கள், அட்டைக்கு 40 சொற்கள். ஓர் அட்டையில் நிறமும் சொல்லும் ஒன்று, மற்றதில் வேறுவேறு. மையின் நிறத்தைச் சொல்ல எத்தனை விநாடி என்று அளக்க வேண்டும். தவறாகச் சொன்னால் திருத்திவிட்டுத் தொடரட்டும், கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. பாதிப் பேருக்கு அட்டை வரிசையை மாற்றுங்கள். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளை யாராவது இருக்கிறாரா என்று முன்னாலேயே தனியாகக் கேட்டுவிடுங்கள்.

அட்டையை எந்த மொழியில் அடிப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்குச் 'சிவப்பு' என்று பச்சை மையில் காட்டினால் பெரிதாகத் தடங்கல் வராது. வாசிப்பு தானாக நடந்தால்தான் அது குறுக்கே நிற்கும். அவரவர் வேகமாக வாசிக்கும் மொழியில் கொடுங்கள். இரண்டு மொழியிலும் அட்டை அடித்து வித்தியாசத்தை அளந்தால் அதுவே ஒரு புராஜெக்ட் ஆகிவிடும்.